பாட்டின் புகழும் பாட்டின் தரமும்

ஆண்டு முடியுந்தோறும் அவ்வாண்டில் வெளிவந்த பாடல்களுள் சிறந்தது எது என்று நேயர்களைக் கேட்டு, வரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கம் இன்று எங்கும் பரவியிருக்கிறது. வரிசை வெளிவந்ததும் வீட்டுக்குள் வழக்கும் தொடங்கிவிடுகிறது. 'இத்தனை பேர் விரும்பிய பாட்டு எப்படிக் குறையுடையதாகும்?' என்கிறான் மகன். 'ஊரெல்லாம் முணுமுணுப்பதாலேயே அது உயர்ந்ததாகிவிடுமா?' என்கிறார் தந்தை. 'அந்த மெட்டே இரவல்தானே!' என்று மூன்றாமவர் ஒருவர் தீர்ப்பளித்து எழுந்துவிடுகிறார். சுவை, புகழ், புதுமை என்னும் மூன்று தனித்தனிப் பொருள்கள் இவ்வழக்கில் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. இசை கேட்பது ஆகுமா, ஆகாதா என்பது மார்க்கச் சட்டத்தைச் சார்ந்த வேறு கேள்வி. அதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் அதற்கெனத் தனிப் பகுதியே வகுத்திருக்கின்றார்கள். இங்கு நாம் எடுத்துக்கொண்டது பாட்டுக்குத் தீர்ப்புக் கூறும் முறையை மட்டுமே.

பாடல்களை வரிசைப்படுத்துவது இன்றைய கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானியின் 'கிதாபுல் அகானீ'யைப் புரட்டிப் பார்க்கவேண்டும். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற அப்பெருநூல் ஒரு பாடல் வரிசையிலிருந்தே தொடங்குகிறது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் (ஆட்சி கி.பி. 786–809) தம் அவையின் பாடகர்களாகிய இப்ராஹீம் அல்மவ்ஸிலீ, இஸ்மாயீல் இப்னு ஜாமிஃ, ஃபுலைஹ் இப்னுல் அவ்ரா ஆகிய மூவரை அழைத்து, அரபுப் பாடல்கள் அனைத்திலுமிருந்து நூறு பாடல்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பின்னர் நூற்றிலிருந்து பத்தையும், பத்திலிருந்து மூன்றையும் தெரிந்தெடுக்கப் பணித்தார். பிற்காலத்தில் கலீஃபா அல்வாஸிக், இப்ராஹீமின் மகன் இஸ்ஹாக்கை அழைத்து அப்பட்டியலை மீண்டும் ஆராயச் செய்தார்.

அந்த மூன்று பாடல்கள் எவை என்பதில் இரண்டு அறிவிப்புகள் உள்ளன. ஓர் அறிவிப்பில் மஃபத், இப்னு ஸுரைஜ், இப்னு முஹ்ரிஸ் என்னும் முந்தைய தலைமுறை இசைவாணர்களின் படைப்புகள் இடம் பெறுகின்றன. மற்றோர் அறிவிப்பிலோ தேர்வாளர்களுள் ஒருவரான இப்ராஹீமின் பாட்டே மூன்றில் ஒன்றாக வந்துவிடுகிறது. அபுல் ஃபரஜ் இரண்டாவதை ஏற்கவில்லை. இப்ராஹீமுக்குச் சற்றும் குறையாத வேறிருவர் உடனிருந்து தேர்ந்தார்களே, அவர்கள் எவ்வாறு அவருடைய சொந்தப் பாட்டை எல்லாப் பாடல்களுக்கும் மேலாக உயர்த்த உடன்பட்டிருப்பார்கள் என்று கேட்கின்றார். யார் தேர்ந்தார்கள், யார் அறிவித்தார்கள், அவர்களுக்கு அதில் என்ன பங்கு என்று ஆராய்ந்த பிறகே அவர் பட்டியலைக் கையில் எடுக்கின்றார். அந்த இசை நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அப்பட்டியல் படிக்கத்தக்கதாக இருப்பதற்கு, காரணங்களோடும் மறுப்புகளோடும் அது எழுதப்பட்டதே காரணம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1952இல் இந்தியச் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்கள் சுவையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகிப்போயின. நேயர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குச் சென்றார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அங்கு தொடங்கியதே அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா'. பற்பசை நிறுவனம் ஒன்றின் ஆதரவில் நடந்த அந்நிகழ்ச்சி இந்தித் திரைப்பாடல்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தியது. ஆண்டு முடிவில் ஆண்டு வரிசையும் வந்தது. இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் விருப்பமும் அவ்வரிசைக்கு அளவுகோல்கள். 1989இல் அது விவித பாரதிக்கு மாறியது.

இங்கு இரு தரப்பிலும் ஒரே பிழை நேர்ந்தது. சுவையை மேலிருந்து ஆணையிட்டு வளர்க்கலாம் என்று அமைச்சர் நினைத்தார்; மக்களோ அலைவரிசையை மாற்றிக்கொண்டார்கள். அதற்கு எதிராக, விற்ற தட்டுகளை எண்ணினால் தரம் தானே வெளிப்படும் என்று வரிசைப் பிரியர்கள் நினைத்தார்கள். தடையினால் சுவை பிறப்பதில்லை. எண்ணிக்கையினால் தரம் பிறப்பதுமில்லை.

இந்நுட்பத்தை நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் நன்குணர்ந்திருந்தார்கள். மக்கள் வழக்கில் 'மஷ்ஹூர்', அதாவது பரவலாக அறியப்பட்டது என்பது ஒன்று. 'ஸஹீஹ்', அதாவது ஆதாரப்பூர்வமானது என்பது மற்றொன்று. ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவீ (ரஹ்) அவர்கள், மக்கள் நாவில் புழங்கும் ஹதீஸ்களைத் திரட்டி ஒவ்வொன்றின் நிலையையும் ஆராய 'அல்மகாஸிதுல் ஹஸனா' என்னும் நூலை எழுதினார்கள். எல்லார் நாவிலும் இருந்தும் அடிப்படையே இல்லாதவை அவற்றுள் உண்டு. எனினும் மஷ்ஹூராக இருப்பதாலேயே ஒன்று பலவீனமானதாகிவிடாது. எண்ணத்தைப் பற்றிய நபிமொழியை அறியாத முஸ்லிம் பிள்ளை இல்லை. அதுவே ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸாகவும் விளங்குகிறது. ஆகவே, 'எல்லாரும் விரும்புவதால் நல்லது' என்பவரும், 'எல்லாரும் விரும்புவதால் மட்டம்' என்பவரும் ஒரே குழியில் விழுந்தவர்களே. இருவரும் பாட்டைக் கேட்கவில்லை, கூட்டத்தை எண்ணினார்கள்.

எஞ்சியிருப்பது புதுமை பற்றிய வழக்கு. 1956ஆம் ஆண்டுக் கீத்மாலா வரிசையில் முதலிடம் பெற்றது 'சி.ஐ.டி.' படத்தில் பம்பாய் வாழ்வின் நெருக்கடியைச் சொல்லும் பாட்டு. மஜ்ரூஹ் சுல்தான்பூரி எழுத, ஓ.பி. நய்யார் இசையமைக்க, முஹம்மது ரஃபியும் கீதா தத்தும் பாடியது. அதன் மெட்டு 'கிளமென்டைன்' என்னும் அமெரிக்கப் பாட்டைத் தழுவியது. இரவல் என்று இதைத் தள்ளிவிடலாமா? சுரங்கக்காரர் மகளின் சாவைப் பாடிய மெட்டு, வேலைக்கும் வீட்டுக்கும் அலையும் பம்பாய்வாசியின் பாட்டாக மாறியிருக்கிறது. மெட்டில் புதுமையில்லை, சொல்லிலும் பயனிலும் புதுமையுண்டு. நன்னூலார் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகுத்தது நினைவுக்கு வருகிறது. வழிநூல் இழிந்த நூலன்று. முதல்நூலை ஏற்று, தனக்கென ஒரு வேறுபாட்டையும் காட்டுவதே வழிநூல். உமறுப் புலவரின் சீறா அரபு வரலாற்றின் வழிவந்ததுதான். அதன் நாட்டு வருணனையில் தமிழ் மருதம் தழைக்கவில்லையா?

நம் பழைய இஸ்லாமியப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையில் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிடும் வழக்கம் இருந்தது. பாட்டுக்கு அது ஓர் இஸ்னாத். எங்கிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்லிவிட்டவனைத் திருடன் என்று யாரும் அழைப்பதில்லை. இன்று மெட்டு வந்த வழி மறைக்கப்படுகிறது. கேட்டவர் எண்ணிக்கை மட்டும் பெரிதாக எழுதப்படுகிறது.

இவ்வழக்கு நம் வீட்டுக்கும் உரியதே. காதற்காட்சி ஒன்றுக்கு அமைந்து ஊரறிந்த மெட்டில் நபிபுகழைப் பாடினால், சொல் மதீனாவுக்குப் போகும். கேட்பவர் மனம் திரையரங்குக்குப் போகும். அங்கே மெட்டு சொல்லுக்கு ஊழியம் செய்யவில்லை. பழைய மெட்டையே எடுத்தாலும் கேட்பவர் முன்னதை மறந்து பொருளில் ஆழ்ந்தால், அது வழிநூலின் வெற்றி. இந்த வேறுபாட்டைச் செவிதான் அறியும்; எத்தனை இலட்சம் பேர் கேட்டார்கள் என்ற கணக்கு அறியாது.

மீலாது விழாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பாட்டுப் போட்டி நடத்துவோர், கைதட்டலை அளந்து பரிசு வழங்குவதை விட்டு, தீர்ப்பாளர் ஒவ்வொருவரும் தம் காரணத்தை அவையறியச் சொல்லும் முறையைக் கொண்டுவரலாம். வீட்டில் பிள்ளை தன் விருப்பப் பாட்டைச் சொல்லும்போது 'சீ, இதுவும் ஒரு பாட்டா?' என்று வாயடைக்காமல், 'இதில் உனக்குப் பிடித்தது சொல்லா, மெட்டா, குரலா?' என்று கேட்கலாம். பதில் சொல்லத் தேடும்போதுதான் பிள்ளைக்குச் சுவை பிறக்கும். அதே கேள்வியைப் பிள்ளை திருப்பிக் கேட்டால் பெரியவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே. காரணம் சொல்லாத தீர்ப்பு, தந்தை சொன்னாலும் வெறும் ஆணை. ஊரே கூடிச் சொன்னாலும் வெறும் எண்ணிக்கை.