கைந்நூல்கள் சொல்லாத கல்தூள்

இராயபுரம் கடலோரத்தில் அலைதடுப்பாகக் குவிக்கப்பட்டிருக்கும் கருங்கற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அலை மோதிவிட்டுத் திரும்பியதும் அந்தக் கற்கள் ஒரு கணம் வேறு பொருளாகிவிடும். கருமைக்குள் நீலம் தெரியும், வெண்புள்ளிகள் மின்னும். வெயில் பட்டு ஈரம் உலர்ந்தால் மறுபடியும் வெறுங்கல். ஏன் இப்படி? உலர்ந்த கல்லின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்களால் ஆனது. அதன்மேல் விழும் ஒளி நாற்புறமும் சிதறி, உள்ளே இருக்கும் நிறத்தை ஒரு வெண்படலம்போல மறைத்துவிடுகிறது. நீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சமமாக்குகிறது. ஒளி உள்ளே சென்று நிறத்தோடு திரும்புகிறது. கல்லுக்கு மெருகேற்றுபவர் செய்வதெல்லாம் இந்த ஈரத் தோற்றத்தை நிலைக்கச் செய்வதுதான்.

(அலைதடுப்புக் கல்லை வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின், வடக்கே நகர வேண்டிய மணல் தெற்கே தங்கி மெரீனாவை அகலமாக்கியது. இராயபுரம் முதல் வடக்கே கரை அரிக்கப்பட்டது. அந்தக் கற்கள்தாம் இப்போது கரைக்குக் காவல்.)

அடி தட்டையாகவும் மேல் குமிழாகவும் இழைத்த கல்லுக்குக் கபோஷான் என்று பெயர். பட்டை தீட்டுவதைவிட இது பழமையானது, எளியது. ஆகவே பொழுதுபோக்காகக் கல் இழைக்க விரும்புவோர் இதிலிருந்துதான் தொடங்குகின்றனர். அவர்களுக்கென்று எழுதப்பட்ட கைந்நூல்களும் செய்முறை விளக்கங்களும் நிறைய உண்டு. அவற்றைப் பற்றித்தான் இங்கே சில சொல்ல விரும்புகிறேன். எந்த நூலையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. குறை எல்லாவற்றுக்கும் பொதுவானது.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். வேலையின் முறையை இந்நூல்கள் அழகாகக் கற்பிக்கின்றன. கற்பலகையில் வடிவத்தை அலுமினியக் கம்பியால் வரையச் சொல்கின்றன. சாதாரணப் பென்சில் கோடு நீரில் அழிந்துவிடும், உலோகக் கோடு நிற்கும். சாணைச் சக்கரத்தைப் பொருத்துமுன் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டிப் பார்க்கச் சொல்கின்றன. மணியோசை எழுந்தால் நல்ல சக்கரம், மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். வேலை முடிந்ததும் சக்கரத்தை நீரில் நிற்க விடாதீர்கள் என்கின்றன. ஒரு பக்கம் நீரை உறிஞ்சிய சக்கரம் மறுநாள் எடை ஒருபுறம் சாய்ந்து, வேகமாகச் சுழலும்போது உடையக்கூடும். கல்லை அரக்கு வைத்து ஒரு குச்சியில் ஒட்டுவது, 80 எண் சொரசொரப்பில் தொடங்கி 220, 400, 600 என்று படிப்படியாக ஏறுவது, ஒரு படியின் கீறல் முழுதும் மறையாமல் அடுத்த படிக்குப் போகாதிருப்பது, இறுதியில் சீரியம் ஆக்சைடு தடவிய தோலில் மெருகேற்றுவது எல்லாம் தெளிவாக இருக்கின்றன. இத்தனை அக்கறையோடு எழுதியவர்கள் பாதுகாப்பு என்ற தலைப்புக்கு வந்ததும் நான்கு வரிகளில் முடித்துவிடுகின்றனர்: கண்ணாடி அணிக, முகமூடி கட்டுக, நீர் விட்டு அரைக்க, காற்றோட்டமான இடத்தில் அமர்க. அவ்வளவுதான்.

இந்த நான்கும் பிழை அல்ல. ஆனால் இவை யாருக்காக எழுதப்பட்டவை? வீட்டிலிருந்து தனித்து நிற்கும் ஒரு கொட்டகை, அதில் தனியே அமர்ந்து வேலை செய்யும் ஒரு மனிதர் என்ற காட்சி எழுதியவரின் மனத்தில் இருக்கிறது. திருவொற்றியூரிலோ புதுவண்ணாரப்பேட்டையிலோ ஒரே அறையில் சமைத்து, படித்து, உறங்கும் குடும்பத்தை அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை.

என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். இழைக்கத் தகுந்த கற்களில் பெரும்பாலானவை குவார்ட்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. அகேட், ஜாஸ்பர், செவ்வந்திக்கல், சூதுபவளம் எல்லாம் சிலிக்காவே. இதன் தூளில் பெருந்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். சுமார் 5 மைக்ரானுக்குக் குறைந்தவையோ நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை போய்விடும். அங்கே அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் தாமே மடிகின்றன. புண் ஆறிய இடம்போல நுரையீரல் திசு தடித்து இறுகுகிறது. இதுவே சிலிகோசிஸ். இறுகிய திசுவை மறுபடி இளக்கும் மருந்து இல்லை. இந்நோய் உள்ளவரைக் காசநோயும் எளிதில் பற்றும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு படிகச் சிலிக்காத் தூளை 1997-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற் பட்டியலில் சேர்த்தது.

பொழுதுபோக்காளருக்கு இதெல்லாம் வருமா, சுரங்கத் தொழிலாளிக்குத்தானே என்று தோன்றலாம். குஜராத்தில் காம்பே வளைகுடாவின் கரையில் உள்ள கம்பாத் நகரைப் பாருங்கள். அங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் அகேட் கல் இழைப்பது பரம்பரைத் தொழில். பெரிய ஆலை எதுவும் கிடையாது. வீட்டு முற்றமே பட்டறை. மின்விசையால் ஓடும் குருந்தச் சக்கரங்கள் வந்தபின் வேலையும் விரைந்தது, தூளும் பெருகியது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் அங்கே ஆராய்ந்தபோது, அரைப்போரிடம் மட்டுமல்ல, சக்கரத்தைத் தொட்டே அறியாத அக்கம்பக்கத்தாரிடமும் சிலிகோசிஸ் காணப்பட்டது. நான்கு வரிப் பாதுகாப்புக் குறிப்பு தவறவிடுவது இதைத்தான். முகமூடி அணிந்திருப்பவர் ஒருவர். மூச்சு விடுபவர்கள் பலர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் பத்தடி உள்ள அறையின் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி 2016-இல் வகுத்த வரம்பு, கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் நுண்சிலிக்கா. அதுவும் எட்டு மணி நேர வேலைக்கு, உடல் திடமான தொழிலாளிக்கு. இரண்டையும் பெருக்கினால் வருவது 1.4 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஒரு மோதிரக் கல்லை உருவாக்க ஒரு கிராம் கல்லை அரைத்துத் தள்ளினால், அதில் எழுநூற்றில் ஒரு பங்கு நுண்தூளாக மிதந்தாலே அறை வரம்பைத் தொட்டுவிடும்.

அந்தத் தூள் எவ்வளவு நேரம் மிதக்கும்? அசையாத காற்றில் 50 மைக்ரான் துகள் தலை உயரத்திலிருந்து தரைக்கு வர எட்டு நொடி போதும். நம் கண்ணுக்குத் தெரிவதும் இதுதான். 5 மைக்ரான் துகளுக்குப் பன்னிரண்டு நிமிடம். 1 மைக்ரான் துகளுக்கு ஐந்து மணி நேரம்! மாலையில் அரைத்துவிட்டு, தூசி அடங்கிவிட்டது என்று எண்ணிப் பாய் விரித்தால், பிள்ளைகள் இரவெல்லாம் சுவாசிப்பது அதைத்தான். இதுவும் அசையாத காற்றுக்குரிய கணக்கு. சென்னையில் மின்விசிறி இல்லாமல் யார் உறங்குகிறார்கள்?

நீர் விட்டு அரைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்றால், பாதி உண்மை. நீர் பெரும்பகுதித் தூளைப் பிடித்துக்கொள்கிறது. உலர அரைப்பதை நினைத்தே பார்க்கக் கூடாது. ஆனால் சுழலும் சக்கரம் நீரைத் திவலையாகத் தெறிக்கிறது. திவலை காற்றிலேயே உலர்ந்தால் அதிலிருந்த தூள் விடுதலை பெறுகிறது. சுவரிலும் சட்டையிலும் தெறித்த சேறு மறுநாள் பொடியாகிறது. தொடங்கிய காலத்தில் நானும் பின்கட்டுத் தாழ்வாரத்தில் நீரை ஊற்றி ஊற்றி அரைத்துவிட்டு மிகுந்த நிம்மதியோடு எழுந்தவன்தான். காலையில் வீட்டில் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கியபோது வெயில் கீற்றில் வெண்புகை எழுந்தது. முந்தைய நாள் அரைக்கும்போது அதில் நூற்றில் ஒரு பங்கு தூசியையும் நான் பார்க்கவில்லை. நீர் தூளைப் பிடித்து வைக்கிறது, அழிப்பதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எழுதிய கைந்நூலை நான் இதுவரை பார்க்கவில்லை.

முகமூடியும் அப்படியே. கைக்குட்டையும் துணி முகமூடியும் இந்த அளவுத் துகளுக்கு வேலியே அல்ல. என்-95 வகை வேண்டும். அதுவும் கன்னத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தாடி வைத்திருந்தால் பொருந்தாது. 'காற்றோட்டமான இடம்' என்ற அறிவுரைக்கு நம் ஊரில் பொருள் மொட்டைமாடி. நண்பகலுக்குப்பின் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். இராயபுரத்து மாடியில் எழும் தூள் மேற்கே அடுத்த வீட்டுக் கொடித்துணிக்கும் சன்னலுக்கும் போகும். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் மக்களுக்கு நாமும் ஒரு பங்கு சேர்க்க வேண்டுமா?

இன்னொரு பொறுப்பின்மையையும் சொல்லியாக வேண்டும். 'கிடைக்கும் துண்டுக் கற்களில் பழகுங்கள்' என்று தாராளமாக எழுதுகிறார்கள். சமையல் மேடைக்கு அறுத்த பலகைகளின் துண்டுகள் கடை வாசலில் இலவசமாகக் கிடைக்கும். அவற்றில் பிசின் கலந்து செய்த செயற்கைக் குவார்ட்ஸ் பலகையும் இருக்கும். அதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிலிக்கா இருப்பதுண்டு. அதை அறுத்த இளம் தொழிலாளர்கள் நோயுற்றதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அப்பலகையையே தடை செய்துவிட்டது. பழகுவதற்கு அதைவிடக் கெட்ட கல் இல்லை.

அப்படியானால் இந்தப் பொழுதுபோக்கே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரே அறை உள்ள வீட்டில் மோட்டார்ச் சக்கரம் வேண்டாம் என்கிறேன். தனி இடம் உள்ளவர்களும், ஈரக்கையும் மின்சாரமும் சந்திக்கும் இடம் அது என்பதால், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனமும் முறையான எர்த் கம்பியும் இல்லாமல் தொடங்கக் கூடாது. மூன்று துளைப் பிளக்கின் ஒரு காலை ஒடித்து இரண்டு துளையில் செருகும் பழக்கம் இங்கே எமனாகிவிடும்.

மோட்டாருக்கு முன்பும் கல் இழைத்தார்களே! ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் சூதுபவளம், குவார்ட்ஸ், பச்சைக்கல் மணிகளையும், செய்து முடியாத மணிகளையும் வெளிக்கொணர்ந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கைவிசையால் செய்த வேலை. கல்லை இழைக்கும் கல்லுக்கு ஆங்கிலம் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் 'குருந்தம்' கடல் கடந்ததுதான். கையால் இழைத்தவர்களையும் தூள் விட்டுவைத்திருக்காது; ஆனால் மெல்ல, நீருக்குள் இழைக்கும் கையிலிருந்து காற்றில் பறக்க வழியில்லை. வேகமே தூளைச் சிதறடிக்கிறது.

ஆகவே கைந்நூல்களின் கடைசிப் பக்கத்தில் 'பொறுமை உள்ளவர்களுக்கு' என்று ஒதுக்கப்படும் முறையையே நான் முதற் பக்கத்துக்குக் கொண்டுவருவேன். முன்பே பலகையாக அறுத்த சிறு கல்லை வாங்குங்கள். தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று, வண்ணக்கடையில் விற்கும் வாட்டர் பேப்பரில் 120, 220, 400, 600, 1000 எண்கள், அகன்ற தட்டு நிறைய நீர் போதும். வாட்டர் பேப்பரைக் கண்ணாடிமேல் நீருக்குள் பரப்பி, அரக்குக் குச்சியில் ஒட்டிய கல்லை உருட்டி உருட்டித் தேயுங்கள். குவார்ட்ஸின் கடினம் 7. தாளில் உள்ள சிலிக்கன் கார்பைடு 9-க்கும் மேல். தேயும், ஆனால் பல மாலைகள் ஆகும். அவசரமானவர்கள் கடினம் 6 உள்ள ஃபெல்ஸ்பார் இனக் கல்லில் தொடங்கலாம். நிலாக்கல் அந்த இனம்தான்.

எழுமுன் கண்ணாடி, தட்டு, குச்சி, கை எல்லாவற்றையும் ஒரு வாளிக்குள்ளேயே கழுவுங்கள். சேற்றைச் சாக்கடைத் தொட்டியில் கொட்டாதீர்கள். சிமெண்டுபோல் குழாயில் இறுகிக்கொள்ளும். வாளியை ஓரிரவு அசையாமல் வைத்து, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் நிற்கும் சேற்றை ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உட்கார்ந்த இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தை எடுக்காதீர்கள். அந்தத் துணியையும் உலரவிடாமல் அதே வாளி நீரில் அலசிவிடுங்கள்.