வாட்டம் பார்த்த கைகள்

ஓமானில் அல் ஹம்ரா ஊரைத் தாண்டி மலைச்சாலையில் ஏறினால் மிஸ்ஃபாத் அல் அப்ரியீன் வரும். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் மேலே இருக்கும் ஊர். பெரும்பாறைகளையே அஸ்திவாரமாக்கி எழுப்பிய கல், மண் வீடுகள். அவற்றின் கீழே படிப்படியாய் இறங்கும் பேரீச்சந்தோப்புகள். 2021-இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு தன் சிறந்த கிராமங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. வருகிறவர்கள் பெரும்பாலும் வீடுகளைப் படம் எடுக்கிறார்கள். எனக்கோ இந்த ஊரின் உச்சமான கைவேலை காலடியில் ஓடும் வாய்க்கால்தான். ஃபலஜ் என்பது அதன் பெயர்.

ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய அகலம்தான் அதற்கு. மலையிடுக்கின் ஊற்றிலிருந்து பாறையின் விலாவை ஒட்டியே வருகிறது. பக்கத்தில் பள்ளத்தாக்கு விழுந்து கிடக்க, தண்ணீர் மட்டும் அவசரப்படாமல் போகிறது. அந்த நிதானம் தானாக வந்ததல்ல. வாட்டம் கொஞ்சம் கூடினால் நீர் கரையை அரிக்கும். குறைந்தால் வண்டல் தங்கி வாய்க்கால் தூர்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள மிக மெல்லிய சரிவை, வளைந்து நெளியும் மலையின்மேல் தவறாமல் பிடித்திருக்கிறார்கள். கோட்டை கட்டுவதைவிட இதை நான் பெரிய வேலையாக மதிக்கிறேன். பழைய வாய்க்கால்களின் உட்பூச்சு சாரூஜ் என்கிற காரை. களிமண்ணைச் சுட்டு இடித்துச் செய்வது. ஈரத்திலும் இறுகி நிற்கும்.

ஊருக்குள் வந்த தண்ணீருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குடிநீர். பிறகு பள்ளிவாசல், குளிப்பிடம். அதன்பின் பேரீச்சைக்கு. பருவப் பயிர்களின் வயல் கடைமடையில். மழை பொய்த்த வருடத்தில் அந்தக் கடைமடை வயல்தான் சுருங்கும். பல்லாண்டு நிற்கும் மரங்கள் தப்பிவிடும். பஞ்சத்தை முன்கூட்டியே எண்ணி ஊரை அடுக்கியிருக்கிறார்கள்.

தோப்பில் மடை திறப்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வாய்க்கால் ஓரத்துத் துளையைப் பழந்துணி சுற்றிய ஒரு கல் அடைத்திருக்கும். முறைக்காரர் அதை உருவி வாய்க்காலின் குறுக்கே வைத்ததும் நீர் திரும்பிப் பாத்திக்குள் பாய்கிறது. பூட்டும் இல்லை, காவலும் இல்லை.

முறையை அளப்பது நேரத்தை வைத்து. அதன் அலகு அதர்: ஏறக்குறைய அரை மணி, நம் கணக்கில் ஒன்றேகால் நாழிகை. பகலில் நட்ட கம்பத்தின் நிழல் தரையில் குறித்த கோடுகளைக் கடப்பதைப் பார்த்து முறை மாற்றினார்கள். இரவில் விண்மீன்கள்: மலைமுகட்டிலோ சுவரிலோ குறித்த இடத்தில் இன்ன மீன் தோன்றினால் இன்னாருடைய முறை. இப்போது பெரும்பாலும் கைக்கடிகாரம்தான். ஆனாலும் நட்சத்திரம் பார்த்துத் தண்ணீர் திருப்பியவர்கள் கற்றவர்கள், ஐயமில்லை. தண்ணீர்ப் பங்குகளில் சிலவற்றை ஃபலஜின் பேரிலேயே ஒதுக்கி ஏலம் விடுவார்கள். தூர் வாரவும் உடைப்பு அடைக்கவும் பணம் அதிலிருந்து வரும்.

நாடெங்கும் சுமார் 3,000 ஃபலஜ்கள் இன்னும் ஓடுகின்றன. 2006-இல் யுனெஸ்கோ அவற்றில் ஐந்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மிஸ்ஃபாவின் வாய்க்கால் ஊற்றில் பிறப்பது. நிஸ்வா ஊரின் தாரிஸ் ஃபலஜ் போன்றவை நிலத்தடி நீரைச் சுரங்கம் வெட்டி எடுத்துவருபவை. ஆழ்துளைக் கிணறுகளின் மோட்டார் நீர்மட்டத்தை இறக்க இறக்க, இந்த இரண்டாம் வகைக்குத்தான் முதலில் மூச்சு முட்டுகிறது. மண்ணுக்குள் தானாக வடிவதை மட்டும் எடுப்பது ஃபலஜ். அதற்குமேல் உறிஞ்ச அதனால் முடியாது. மோட்டாருக்கு அந்த வரம்பு கிடையாது.

மிஸ்ஃபா பார்த்தவர்கள் ஜபல் அக்தர் மலையடிவாரத்து பிர்கத் அல் மவ்ஸுக்கும் போய்வர வேண்டும். அல் கத்மீன் ஃபலஜ் அங்கே மூன்று சமபங்காகப் பிரிகிறது. நீர் பிரியும் இடத்தில் குனிந்து, எந்தக் கிளைக்காவது ஒரு கை நீர் கூடுதலாகப் போகிறதா என்று தேடிப் பாருங்கள்.