வேதாளக் கதையில் விக்கிரமன்: மாயக்கதை நாயகனின் உருவாக்கம்

மாயக்கதை எழுதத் தொடங்குவோர் பலரும் நாயகனுக்கு என்ன சக்தி தரலாம் என்றே முதலில் யோசிக்கின்றனர். வேதாளக் கதையில் மாயமெல்லாம் வேதாளத்திடம் இருக்கிறது. விக்கிரமனுக்கு வாளும் தோளும்தான். வழியில் அவன் பேசினால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். ஆக, அவனை ஒவ்வொரு முறையும் தோற்கடிப்பது அவனுடைய அறிவே.

11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இவன் பெயர் திரிவிக்கிரமசேனன். அங்கே வேதாளத்தின் கடைசிக் கேள்வி உறவுமுறை பற்றியது. தந்தை ஒருவன் ஒரு பெண்ணை மணக்கிறான்; அவன் மகனோ அப்பெண்ணின் தாயை மணக்கிறான். இரு தம்பதியரின் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் என்ன முறை? அரசனுக்கு விடை தெரியவில்லை. வாய் திறக்காமல் நடக்கிறான், காரியம் கைகூடுகிறது. அத்தனை கதைகளிலும் அவன் வளர்வது இந்த ஓரிடத்தில்தான்.

1947இல் தொடங்கிய அம்புலிமாமா, வேதாளத்துக்குப் புதுப்புதுக் கதைகள் கொடுத்துப் பல ஆண்டுகள் வெளியிட்டது. கதைகள் சுவையானவை, சங்கரின் ஓவியத்தைச் சொல்லவே வேண்டாம். ஆனால் மாதந்தோறும் விடை சொல்லியே தீரவேண்டியிருந்த விக்கிரமன் அந்த மௌனத்தை எட்டவில்லை. சிறுவர் மனத்தில் அவன் புதிர் விடுவிப்பவனாகவே நின்றுவிட்டான்.