ஒற்றைக் கண்ணோடு ஏற்ற பொறுப்பு

ஜாடியிலிருந்து குவளைக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் தண்ணீர் மேஜைமேல் விழும். சிகரெட்டைப் பற்றவைக்கப் போனால் நெருப்பு அதன் நுனிக்குக் கால் அங்குலம் தள்ளியே நிற்கும். 1961 ஜூலை முதல் தேதி இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நேர்ந்த கார் விபத்தில், கண்ணாடிச் சில்லொன்று பாய்ந்து வலக்கண் பார்வையைப் பறித்துவிட்ட பிறகு, இருபதே வயதான மன்சூர் அலிகான் பட்டோடிக்கு வாழ்க்கை இவ்விதமாகத்தான் மறுபடி ஆரம்பமாயிற்று. தூரத்தை நிதானிக்க இரண்டு கண்களும் வேண்டும் என்பது சரீர தர்மம். பந்தின் வரவைக் கணப்பொழுதில் அளந்தாக வேண்டிய கிரிக்கெட்டிலோ அந்த நிதானமே ஆட்டக்காரரின் மூலதனம். அந்த மூலதனத்தை இழந்தவர், அதே வருஷம் டிசம்பரில் டில்லியில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார். மறுமாதமே நமது சென்னை கார்ப்பரேஷன் மைதானத்தில் 103 ரன்கள் குவித்து, இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா முதன்முதலாக ஒரு தொடரை வென்ற அந்த ஆட்டத்தில் பங்குகொண்டார்.

இது எப்படிக் கைகூடிற்று என்பதைச் சற்று நின்று கவனிப்பது அவசியம். அந்தப் பருவத்தில் ஹைதராபாத்தில் இங்கிலாந்து அணியை எதிர்த்து ஆடியபோது, பழுதுற்ற கண்ணில் லென்ஸ் அணிந்திருந்த அவருக்கு ஒரு பந்துக்குப் பதில், ஆறேழு அங்குல இடைவெளியில் இரண்டு பந்துகள் தெரிந்தன. உட்புறம் தெரிந்த பந்தே மெய்யான பந்தென்று அனுமானித்துத் தேநீர் இடைவேளை வரை ஆடியவர், பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டு அந்தக் கண்ணை மூடிக்கொண்டே தொடர்ந்து 70 ரன்களை எட்டினார். நாளடைவில் தொப்பியை வலக்கண்மேல் சரித்துக்கொண்டார்; இடக்கண் பந்து வீச்சாளரை முழுதாகப் பார்க்கும்படி நிற்கும் நிலையையும் மாற்றிக்கொண்டார். இழந்த ஆட்டத்தை மீட்டுவிடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இருக்கும் கண்ணுக்கு ஏற்ற வேறோர் ஆட்டத்தைத் தாமே கற்பித்துக்கொண்டார் என்பதே என் அபிப்பிராயம்.

அவ்வாறு தம்மைப் புதுப்பித்துக்கொண்டு சில மாதங்களே ஆன நிலையில், 1962 மார்ச்சில் பார்படாஸ் தீவில் மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் கிரிபித்தின் பந்து இந்திய அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் மண்டையில் பாய்ந்து அவரை உயிராபத்தில் ஆழ்த்த, உம்ரிகர், மஞ்ச்ரேக்கர் போன்ற மூத்தோர் நிறைந்த அணியின் பாரம் 21 வயதும் 77 நாட்களுமான உப தலைவர் பட்டோடியின் தோளில் வந்து விழுந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான அத்தொடரின் ஐந்து டெஸ்ட்களிலும் இந்தியா தோற்றது. தோல்விக்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய கண்ணைக் காட்டிலும் கண்கூடான காரணம் வேறென்ன இருந்தது? ஆயினும் அந்தக் காரணத்தை அவர் கேடயமாக ஏந்தியதில்லை.

கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவோர்க்கு அவருடைய தலைமை பெரிதாகத் தோன்றாது. 40 டெஸ்ட்களில் வெற்றி 9, தோல்வி 19. ஆனால் 1967-இல் லீட்ஸ் மைதானத்தில் நடந்ததை எந்தக் கூட்டல் கழித்தல் காட்டும்? இங்கிலாந்து நான்கே விக்கெட் இழப்பில் 550 ரன்கள் குவித்திருக்க, முதல் இன்னிங்ஸில் இந்தியா எடுத்த 164-இல் தலைவரின் பங்கு 64. பாலோ ஆன் பெற்று மீண்டும் ஆடியபோது அவர் 148 ரன்கள் அடித்து வழிகாட்ட, அணி 510 வரை சென்றது. ஆட்டம் தோல்வியில்தான் முடிந்தது. அவ்வருஷக் கடைசியில் மெல்போர்னில் தொடைத் தசை பிசகி, ஓடவே இயலாத காலோடு இறங்கி 75-உம் 85-உம் எடுத்தார், அதுவும் தோல்வியே. தமக்கு மிச்சமிருந்த ஒரு கண்ணாலும் ஒரு காலாலும் செய்யக்கூடியதைச் செய்து காட்டிய பிறகே அவர் பிறரிடம் முயற்சியைக் கேட்டார். பீல்டிங்கில் அசிரத்தையாக இருந்த ஓர் அணி, கவர் திசையில் பந்தை விரட்டிப் பாயும் தலைவரைக் கண்டு வெட்கமுற்றுத் திருந்தியது இதனால்தான்.

அணிக்கும் அவர் இதே மருந்தையே கொடுத்தார். நம்மிடம் தரமான வேகப்பந்து வீச்சாளர் இல்லையே என்று புலம்பாமல், இருக்கும் சுழற்பந்து வீச்சாளர்களை முன்னிறுத்தினார். 1968-இல் நியூசிலாந்தில் பிரசன்னா, பேடி, நட்கர்ணி ஆகியோரை நம்பிக் களமிறங்கி, 3-1 என்று இந்தியாவுக்கு அந்நிய மண்ணில் முதல் தொடர் வெற்றியைப் பெற்றுத் தந்தார்; பிரசன்னா மட்டுமே 24 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

1971-இல் தேர்வுக் குழுத் தலைவர் விஜய் மெர்ச்சன்ட்டின் ஒற்றை ஓட்டால் அணித் தலைமைப் பதவி வடேகர் வசம் போயிற்று. அதே ஆண்டில் அவர் தாங்கியிருந்த பட்டோடி நவாப் பட்டமும் சட்டப்படி ஒழிந்தது. இரண்டும் போனபின் 1973-இல் சேப்பாக்கத்தில் வடேகரின் தலைமையின்கீழ்ச் சாதாரண ஆட்டக்காரராக இறங்கி, அவர் எடுத்த 73 ரன்களை நான் அவருடைய சதங்களுக்குச் சமமாகவே மதிக்கிறேன். தலைவனாக இருந்தவன் தொண்டனாக நின்று ஆடுவதும் ஒருவகைப் புதுப்பிறவியே அல்லவா?

2011 செப்டம்பர் 22-ஆம் தேதி டில்லியில் அவர் காலமானார். அவருடைய விருப்பப்படி, அரை நூற்றாண்டுக் காலம் தனித்தே உழைத்த அந்தக் கண் தானமாக அளிக்கப்பட்டது.