பழைய மியாட்டாவுக்கு டர்போ: காசை எங்கே போடுவது?

மாஸ்டா 1989இல் வெளியிட்ட எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரில் புகழ்பெற்ற இரண்டு சீட் திறந்த கார். டர்போ இல்லாமல் வந்த பழைய கார் ஒன்றுக்குக் கையைக் கடிக்காத செலவில் டர்போ பொருத்த நினைக்கும் ஆர்வலர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடிப்போகும் கார்களில் இதற்குத்தான் முதலிடம். காரணம் இல்லாமல் இல்லை. இதன் 1.6 லிட்டர் எஞ்சின், மாஸ்டா தன் 323 ஜிடிஎக்ஸ் காரில் டர்போவோடு விற்ற எஞ்சினின் நெருங்கிய உறவு. இரும்பு பிளாக். முதல் மாடலின் எடை சுமார் 960 கிலோ, சக்தி 116 பிஹெச்பி. ஆகவே சிறிதளவு கூடுதல் டார்க்கும் ஓட்டுபவருக்கு உடனே தெரியும். ஆனால் இந்த உறவில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஜிடிஎக்ஸின் கம்ப்ரெஷன் விகிதம் 7.9:1, மியாட்டாவில் அது 9.4:1. டர்போவுக்கென்றே பிஸ்டனைத் தாழ்த்தி வடிவமைத்த எஞ்சின் ஒன்று, அப்படிச் செய்யாத எஞ்சின் இன்னொன்று. இந்த இடைவெளியைப் பாதுகாப்பாகக் கடக்க உதவுவது டர்போ அல்ல. பெட்ரோலின் அளவையும் ஸ்பார்க் டைமிங்கையும் தீர்மானிக்கும் கணினியும், அதற்குத் தகவல் தரும் சென்சார்களும்தான். சிக்கனம் பிடிக்கலாம், டர்போவில் பிடியுங்கள். கட்டுப்பாட்டில் பிடிக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். சந்தையில் கிடைக்கும் மலிவுத் தொகுப்புகள் பல இதைத் தலைகீழாகச் செய்கின்றன: பளபளக்கும் குழாய்களையும் டர்போவையும் பெட்டி நிறையக் கொடுத்துவிட்டு, பெட்ரோலை எப்படிக் கூட்டுவது என்பதை வாங்கியவர் தலையில் விட்டுவிடுகின்றன.

முதலில் வெப்பக் கணக்கைப் பார்க்கலாம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். வெளியே 30 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில், 65 சதவீதத் திறனுள்ள கம்ப்ரெஸர் 6 பிஎஸ்ஐ பூஸ்ட் கொடுத்தால், வெளியே வரும் காற்று 80 டிகிரியைத் தொடும். அதையே 12 பிஎஸ்ஐக்கு உயர்த்தினால் 115 டிகிரியைத் தாண்டும். இந்தச் சூடான காற்றை 9.4 மடங்கு அழுத்தும் எஞ்சினில், ஸ்பார்க்கிலிருந்து கிளம்பிய தீ பரவி வந்து சேருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கக்கூடும். இதுதான் நாக்கிங். சில நொடிகள் கடுமையாக நடந்தாலே போதும், பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பு உடைந்துவிடும். தடுக்கும் வழிகள் மூன்று: இன்டர்கூலர் வைத்துக் காற்றைக் குளிர வைப்பது, பெட்ரோலைச் சற்றுக் கூட்டுவது, பூஸ்ட் ஏற ஏற ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவது. முதல் வழிக்கு இரும்புச் சாமான் போதும். மற்ற இரண்டுக்கும், எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதை அந்தந்தக் கணத்தில் அறிந்து செயல்படும் கணினி வேண்டும்.

1.6 மியாட்டாவின் மூலக் கணினியால் அது முடியாது. அது மட்டமானது என்று சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த வேலை வேறு. காற்றை அளக்க அதில் இருப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு மடல். காற்று வேகமாகப் போகப் போக மடல் திறந்துகொண்டே போகும். முழுவதும் திறந்த பிறகு இன்னும் எவ்வளவு காற்று போனாலும் கணினிக்கு அது தெரியாது. டர்போ கூடுதல் காற்றைத் தள்ளுவதோ சரியாக அந்த எல்லையை ஒட்டியும் அதற்கு மேலும்தான். கையால் கியர் மாற்றும் காரில் த்ராட்டிலுக்கு இருப்பது வெறும் சுவிட்ச்: ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டீர்களா, முழுக்க மிதித்திருக்கிறீர்களா என்ற இரண்டை மட்டுமே சொல்லும். நடுவில் உள்ள நிலைகளில், ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சிக்கனக் கலவையைத் தேடுவதுதான் கணினியின் இயல்பு. பாதி மிதியிலேயே பூஸ்ட் வந்துவிடும் காரில் இது ஆபத்தான இயல்பு. நாக்கிங்கைக் கேட்கும் சென்சாரும் இந்த எஞ்சினில் கிடையாது. 116 பிஹெச்பிக்கு அளவெடுத்து வைத்த இன்ஜெக்டர்களிலும் மிச்சம் அதிகமில்லை.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். 1990களில் விற்ற தொகுப்புகள் கணினியைத் தொடவே இல்லையே, ஆயிரக்கணக்கான கார்கள் அப்படி ஓடினவே என்பார்கள். உண்மைதான். பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தையும் பல மடங்கு ஏற்றும் ஒரு ரெகுலேட்டரை வைத்து, டைமிங்கைக் கையால் சில டிகிரி பின்னுக்குத் திருப்பி, 5 அல்லது 6 பிஎஸ்ஐயில் நிறுத்திக்கொண்டார்கள். அன்றைக்கு மலிவாக வேறு வழியும் இல்லை. ஆனால் இந்த முறையின் எல்லையை இயற்பியலே போட்டிருக்கிறது. இன்ஜெக்டர் வழியே போகும் பெட்ரோல், அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். 40 சதவீதம் அதிகப் பெட்ரோல் வேண்டுமென்றால் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். இரு மடங்கு பெட்ரோலுக்கு நான்கு மடங்கு அழுத்தம். அழுத்தம் ஏற ஏறப் பம்பு தள்ளும் அளவோ குறைந்துகொண்டே வரும். முப்பது வயதான பம்பும் பழைய ரப்பர் ஹோஸ்களும் இதைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. கையால் திருப்பிய டைமிங்கோ, பூஸ்ட் இல்லாத சாதாரண ஓட்டத்திலும் தாமதமாகவே இருக்கும். கார் மந்தமாகும், புகைபோக்கியின் வெப்பம் கூடும். அந்தக் கார்கள் பிழைத்தது எஞ்சினின் வலிமையாலும் ஓட்டியவர்களின் நிதானத்தாலும். இன்று அதே எஞ்சின்கள் முப்பது ஆண்டுகள் ஓடிக் களைத்தவை. ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் பாதி அடைத்திருந்தால், அந்த ஒரு சிலிண்டர் போதும் எஞ்சினை முடிக்க.

டர்போ கார்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1962இல் விற்பனைக்கு விட்ட ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரின் கம்ப்ரெஷன் விகிதம் 10.25:1. அத்தனை உயர்ந்த விகிதத்தில் நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தார்கள். திரவத் தொட்டியை நிரப்ப வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு. பலர் நிரப்பவில்லை. தொட்டி காலியானால் பூஸ்ட்டைக் குறைத்துவிடும் அமைப்பு இருந்ததால் சக்தி போய்விட்டது என்ற புகார்கள் குவிந்தன. இரண்டே ஆண்டுகளில் உற்பத்தி நின்றது; பின்னர் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் வைத்துக்கொள்ளும் வாய்ப்பையும் கம்பெனியே கொடுத்தது. சாப் வேறு பாதையில் போனது. 1977இல் அறிமுகமான 99 டர்போவில் கம்ப்ரெஷனைத் தாழ்த்திப் பூஸ்ட்டை அளவோடு வைத்தது. 1980களின் தொடக்கத்தில் நாக்கிங்கைக் கேட்டு, உடனே பூஸ்ட்டைக் குறைக்கும் ஏபிசி அமைப்பைக் கொண்டுவந்தது. அதன் பிறகு கம்ப்ரெஷனைத் துணிந்து ஏற்றவும் முடிந்தது. இரண்டு கம்பெனிகளிடமும் டர்போ இருந்தது. நீடித்தது, எஞ்சினுக்குள் நடப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட கார்.

அந்தக் கட்டுப்பாடு இன்று சாதாரண ஆர்வலரின் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டது என்பதுதான் என்னை உற்சாகப்படுத்துகிறது. 2000களின் தொடக்கத்தில் ப்ரூஸ் பௌலிங்கும் ஆல் கிரிப்போவும் மெகாஸ்குவர்ட் என்ற கணினியை, வாங்கியவரே சால்டர் பிடித்துச் சேர்க்கும் சாமானாகக் கொண்டுவந்தார்கள். பிறகு ஆர்டுயினோ போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ, வடிவமும் நிரலும் எல்லோருக்கும் திறந்தபடி வந்தது. மியாட்டாவின் மூலச் சாக்கெட்டிலேயே நேராகச் செருகக்கூடிய கணினிகளும் கிடைக்கின்றன. இவற்றில் மடல் தேவையில்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்தே காற்றின் அளவைக் கணக்கிடுகின்றன. இதோடு, கலவையை உள்ளபடி காட்டும் வைடுபேண்டு ஆக்ஸிஜன் சென்சார் ஒன்றும், அளவு பெரிய இன்ஜெக்டர்களும் சேர்ந்தால் கட்டுப்பாடு முழுமை பெறும். இதை டியூன் செய்வது சாமானியனால் ஆகுமா என்று கேட்கலாம். அடிப்படை வரைபடத்தை வைத்துக் காரை ஸ்டார்ட் செய்வது எளிது. பூஸ்ட் வரும் பகுதியில் கலவையையும் டைமிங்கையும் சரிசெய்வதை டைனோ உள்ள பட்டறையில், கைதேர்ந்தவரிடம் விடுவதே நல்லது. அந்தக் கூலியையும் பட்ஜெட்டில் முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். பலர் அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, கடைசியில் காசில்லாமல் ஊகத்தில் ஓட்டுகிறார்கள்.

இனி மிச்சம் பிடிக்கும் இடங்கள். பெயரில்லாத புது டர்போவைவிட, நிசான் சில்வியா எஸ்13இல் வந்த காரெட் டி25, வால்வோ, சாப் கார்களில் வந்த மிட்சுபிஷி டிடி04 போன்றவை செகண்ட் ஹேண்டில் நல்ல தேர்வு. 1.6 லிட்டருக்கு அளவும் சரியாக இருக்கும். 3,000 ஆர்பிஎம்மை ஒட்டியே தள்ள ஆரம்பிக்கும். வாங்கும்போது ஷாஃப்ட்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இயல்பு. முன்பின் ஆட்டம் கைக்குத் தெரிந்தால் வேண்டாம். இன்டர்கூலரும் வேறு காரிலிருந்து கழற்றியதே போதும். ஆனால் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பில் இருக்கட்டும். மெல்லிய ஸ்டீல் குழாய்களை வெல்டு செய்தவை, டர்போவின் எடையையும் வெப்பத்தையும் தாங்காமல் விரிசல் விடும். டர்போவைப் பிடிக்கும் ஸ்டடுகள் மியாட்டாவில் தளர்வது அறிந்த தொல்லை. பந்தயத்தில் ஓட்டுபவர்கள் இன்கோனல் ஸ்டடு போடுவது அதனால்தான். ஆயில் திரும்பும் குழாய் இன்னொரு முக்கியமான இடம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் பேரிங்கிலிருந்து ஆயில் வெறும் ஈர்ப்பு விசையால்தான் இறங்க வேண்டும். குழாய் பெரிதாக, எங்கும் மேலேறாமல், சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லையென்றால் டர்போ புகையும். நல்ல டர்போவைக் குறைசொல்லிக் கழற்றிப் போடுவார்கள்.

இவ்வளவு செலவுக்கு இன்னும் வேகமான காரையே வாங்கிவிடலாமே என்ற ஆட்சேபத்துக்கு வலு உண்டு. வெறும் வேகம்தான் வேண்டுமென்றால் அதையே செய்யுங்கள். இந்தக் காரின் ஸ்டியரிங்கும் எடையும் பிடித்துப்போய், நடு ஆர்பிஎம்மில் இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் போதும் என்பவருக்கே டர்போ. ஆசைக்கு அளவும் வேண்டும். மாஸ்டாவே 2004இல் மாஸ்டாஸ்பீடு எம்எக்ஸ்-5ஐ டர்போவுடன் விற்றபோது, சாதாரண மாடலின் 142 பிஹெச்பியை 178க்குத்தான் உயர்த்தியது. அத்தனை வசதியுள்ள கம்பெனியே கால்பங்கு கூட்டலோடு நிறுத்திக்கொண்டது என்பதைப் பார்க்க வேண்டும். வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் 6 பிஎஸ்ஐயிலேயே நின்று, 1.6 எஞ்சினில் 150 பிஹெச்பியை எதிர்பார்ப்பது நியாயமான இலக்கு. அதற்கே கிளட்ச் நழுவலாம், பிளாஸ்டிக் தொட்டி பழுத்த ரேடியேட்டர் வெடிக்கலாம். 1.6 காரின் சிறிய டிஃபரென்ஷியலும் பலவீனமானது. 1994 முதல் வந்த 1.8இல் அது பெரிதானது. தேர்வு உங்கள் கையில் இருந்தால் 1.8ஐயே வாங்குங்கள். சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கலிஃபோர்னியாவில் இத்தகைய பாகங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விலக்கு ஆணை தேவை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி தந்த அமைப்பை மாற்றுவதையே தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

வேலையைத் தொடங்கும் வரிசையும் இதே வாதத்திலிருந்துதான் பிறக்கிறது. முதலில் நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் சோதியுங்கள்; ஒன்று இறங்கியிருந்தாலும் திட்டத்தை நிறுத்துங்கள். அடுத்து, டர்போ இல்லாமலேயே புதுக் கணினியையும் வைடுபேண்டு சென்சாரையும் பெரிய இன்ஜெக்டர்களையும் பொருத்தி, குளிரிலும் வெயிலிலும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, ஐடிலில் நின்று, நெடுஞ்சாலையில் சீராக ஓடும்வரை பழக்குங்கள். டர்போ பெட்டியிலேயே காத்திருக்கட்டும். இடையில் காசு தீர்ந்தாலும் உங்களிடம் மிஞ்சுவது, தன் எஞ்சினுக்குள் நடப்பதைத் திரையில் காட்டிக்கொண்டு ஒழுங்காக ஓடும் ஒரு மியாட்டா. டர்போவை முதலில் போட்டுக் கணினிக்குக் காசு சேரக் காத்திருப்பவரிடம், ஓட்டவே பயப்பட வேண்டிய கார்தான் நிற்கும்.