கோடு விட்ட இடம்

2021 நவம்பர் 19 அதிகாலை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. மரக்காணம் உப்பளங்களில் பாத்தி எது வாய்க்கால் எது என்று தெரியாத பருவம். அன்றுதான் ‘கௌபாய் பீபாப்’ என்ற ஜப்பானிய அனிமேயின் நடிகர் வடிவத்தை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. கீழ்புத்துப்பட்டில் மழைக்கு ஒதுங்கி அதன் பத்துப் பகுதிகளையும் நான் பார்த்து முடிப்பதற்குள் அவர்களே முடித்துவிட்டார்கள்: டிசம்பர் 9 அன்று, இரண்டாம் பருவம் கிடையாது என்ற செய்தி வந்தது.

அனிமேயை நடிகர்களை வைத்து எடுப்பதே வீண்வேலை என்று அப்போது பலர் தீர்ப்பெழுதினார்கள். அதைச் சொல்ல நமக்கு வாயில்லை. செஞ்சி, திண்டிவனம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் ஆண்டுதோறும் அதே பாரதத்தைக் கூத்தாடுகிறார்கள். முடிவு தெரிந்த கதைக்கு விடியவிடிய உட்கார்ந்திருக்கும் கூட்டம் அது. திரும்பச் செய்வதில் குற்றமில்லை. கூத்துக்காரர் எதைக் காட்டாமல் விடுவது என்று அறிந்தவர். அந்த அறிவைத்தான் இந்த மறுஆக்கங்களில் தேட வேண்டியிருக்கிறது.

ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமே பற்றாக்குறையில் வளர்ந்தது. 1963இல் ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ வாரந்தோறும் ஒளிபரப்பானபோது, அத்தனை படங்களை வரைய ஆளும் இல்லை, காசும் இல்லை. உடல் அசையாது, வாய் மட்டும் அசையும். ஒரே ஓவியம் சில நொடிகள் அப்படியே நிற்கும். இந்தச் சிக்கனம் பிறகு அழகியலாயிற்று. ஷினிச்சிரோ வாட்டனாபே 1998இல் இயக்கிய மூல ‘பீபாப்’ அதன் உச்சங்களில் ஒன்று. 26 பகுதிகள், ஒவ்வொன்றும் அரைமணிக்கும் குறைவு. நாயகன் ஸ்பைக்கின் பழங்காதலி ஜூலியாவும் பகைவன் விஷியஸும் விரல்விட்டு எண்ணும் பகுதிகளில்தான் வருகிறார்கள். நனைந்த ரோஜா, தேவாலயக் கண்ணாடி, துப்பாக்கிச் சத்தம். அவ்வளவுதான். மிச்சத்தைப் பார்ப்பவரே கட்டிக்கொள்ள வேண்டும்.

புதிய தொடர் அந்த இருவரையும் கணவன் மனைவியாக்கி, மாளிகையில் குடிவைத்து, பகுதிக்குப் பகுதி சண்டைபோட வைக்கிறது. எட்டாத பழங்காலமாக இருந்தவர்கள் நெடுந்தொடர்த் தம்பதி ஆகிவிட்டார்கள். (மாலை ஏழு மணிக்கு மேல் எந்தத் தமிழ்ச் சேனலைத் திருப்பினாலும் அந்த வீடு கிடைக்கும்.) நடிகர்களின் தலைமுடியும் சட்டையும் மூலம்போல் இல்லை என்ற ரசிகர் கோபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கோடு விட்டுவைத்த இடத்தை வசனத்தால் அடைத்ததே பிழை.

2017இல் வந்த ‘கோஸ்ட் இன் த ஷெல்’ இதே தவற்றை மறுபக்கத்திலிருந்து செய்தது. மமோரு ஓஷியின் 1995ஆம் ஆண்டு அனிமே படத்தில் நாயகி மேஜர் கட்டடத்திலிருந்து விழுவதையும், தேங்கிய நீரில் நடக்கும் சண்டையையும் ரூபர்ட் சாண்டர்ஸ் ஏறக்குறைய அப்படியே பிரதியெடுத்தார். ஜப்பானியப் பாத்திரத்துக்கு ஸ்கார்லெட் ஜோஹான்சனா என்ற நியாயமான கேள்வி படத்தை விட்டு விலகவே இல்லை. எனக்கு அதைவிட உறுத்தியது கதைமுடிவு. இயந்திர உடலுக்குள் இருக்கும் ‘நான்’ யார் என்று ஓஷி கேட்டுவிட்டு நகர்ந்தார். புதிய படமோ நினைவைத் திருடிய நிறுவனத்தைக் கண்டுபிடித்து, தாயையும் தேடித் தந்து வழக்கை முடித்துவைக்கிறது.

யூகிட்டோ கிஷிரோவின் மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து ராபர்ட் ரோட்ரிகஸ் எடுத்த ‘அலிட்டா’ (2019) துணிந்த படம். ரோசா சலசாரின் நடிப்பைக் கணினியில் வாங்கி, கண்களை மட்டும் மங்காவில் உள்ளதுபோல் பெரிதாக்கினார்கள். முன்னோட்டம் வந்தபோது கேலி செய்தார்கள். அய்யனார் கோயில் காவல்வீரர்களின் உருட்டு விழிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் கேலிக்கு ஒன்றும் தெரியவில்லை. மனித அளவை மீறிய பாத்திரத்துக்கு மனித அளவில் கண் எதற்கு? கதை பாதியில் அறுந்து நிற்கிறது என்பது உண்மை. ஆனாலும் தான் ஓவியத்திலிருந்து வந்ததை மறைக்காத படம் அது.

‘பீபாப்’ முழுவதும் தோல்வி என்று சொல்லமாட்டேன். மூலத்துக்கு இசையமைத்த யோகோ கன்னோவே இதற்கும் இசையமைத்தார். ஸ்பைக்கின் கூட்டாளி ஜெட்டாக முஸ்தபா ஷாகிர் குரலிலும் நடையிலும் அசலோடு போட்டிபோடுகிறார். 27 வயது ஸ்பைக்காக அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஜான் சோ நடித்ததைக் குறை சொன்னார்கள். எனக்கு அது வரவு. வரைந்த ஸ்பைக்கின் அலட்சியம் இளமைக்கு உரியது. இவர் முகத்தில் இருப்பது உண்மையான அயர்ச்சி. மனித உடல் மட்டுமே தரக்கூடியது அது. தொடர் அதை நம்பி இன்னும் கொஞ்சம் வாய்மூடி இருந்திருக்கலாம்.

எட் என்ற பாத்திரத்தைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போட்டதில் அவர்களுடைய தயக்கம் தெரிகிறது. எலும்பே இல்லாததுபோல் வளைந்து நெளியும் அந்தப் பிள்ளை கோட்டில் மட்டுமே வாழக்கூடியது. குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் ஸ்பைக் முன்னால், ஓவியத்தில் இருந்த அதே ஆர்ப்பாட்டத்தை ஒரு மனித உடல் அப்படியே செய்துகாட்டுகிறது. ஒரு நிமிடம் பார்ப்பதற்குள் எனக்குக் கூச்சமாகிவிட்டது. அடுத்த பருவம் வந்திருந்தால் அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்களோ.