பட்டியல் இட்டவரும் பட்டியலை நம்பியவரும்: ஆய்வுத் தொடர்பு நூலகர் பணி குறித்து ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் டென்வர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் தொடர்பு நூலகராகப் பணியாற்றியவர் ஜெஃப்ரி பீல். கட்டணம் பெற்றுக்கொண்டு, உரிய மதிப்பீடு இன்றிக் கட்டுரைகளை வெளியிடும் நிறுவனங்களைப் பெயர் சுட்டி அவர் வெளியிட்டுவந்த பட்டியல் உலகெங்கும் பயன்படுத்தப்பட்டது. 2017 சனவரியில் அப்பட்டியல் திடீரென நீக்கப்பட்டது. அதே ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், தம் பல்கலைக்கழகம் தந்த அழுத்தமே காரணம் என அவர் குறிப்பிட்டார். பீலைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் இரு முனைகளில் நிற்கின்றன. ஒரு சாரார்க்கு அவர் தனியராக நின்று போரிட்டவர்; மறு சாரார்க்குத் திறந்த அணுக்க இயக்கத்தின் பகைவர். அவர் வகித்த பணியின் இயல்பு என்ன, அப்பணிக்குப் பட்டியலிடுதல் பொருந்துமா என்னும் வினா இவ்விரு மதிப்பீடுகளிலும் பின்தள்ளப்படுகிறது.

நூல்களை வாங்குதல், பகுத்தல், வழங்குதல் ஆகியவை நூலகரின் மரபான பணிகள். ஆய்வு எழுதப்பட்டபின் அது எங்கு வெளியாகிறது, யார் உரிமையில் இருக்கிறது, எவ்வாறு கண்டறியப்படுகிறது என்பவற்றில் ஆய்வாளர்க்குத் துணைநிற்பது ஆய்வுத் தொடர்பு நூலகரின் பணி. 2008 பிப்ரவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் புலத்தினர், தம் கட்டுரைகளைத் திறந்த அணுக்கத்தில் வைக்கும் உரிமையைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கும் தீர்மானத்தை நிறைவேற்றினர். தீர்மானம் ஒருநாளில் நிறைவேறிவிடும். ஒவ்வொரு கட்டுரைக்கும் பதிப்பாளர் ஒப்பந்தத்தைப் படித்து, எந்த வடிவத்தை எப்போது களஞ்சியத்தில் சேர்க்கலாம் எனத் தெளிவுபடுத்துவது நாள்தோறும் தொடர்வது. இத்தகைய பணி விளம்பரம் அற்றது. பீலின் பணி மட்டுமே செய்தியானது என்பதே அது விதிவிலக்கு என்பதற்குச் சான்றாகும்.

அவர் பட்டியலின் பயனை மறுத்தல் இயலாது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனத்தைப் பற்றி அவர் எழுதியதற்காக, 2013இல் நூறு கோடி டாலர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுப்பதாக அந்நிறுவனம் அச்சுறுத்தியது. 2019இல் அமெரிக்க நீதிமன்றம், ஆய்வாளர்களை ஏமாற்றியமைக்காக அதே நிறுவனம் ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. அரசு அமைப்புகளுக்கு முன்பே ஒரு நூலகர் கண்டது இது.

எனினும், அவர் முறையின் குறைகள் தற்செயலானவை அல்ல. 2013இல் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஜான் பொஹானன், வேண்டுமென்றே பிழைகள் நிறைத்த கட்டுரையின் வடிவங்களை 304 இதழ்களுக்கு அனுப்பினார்; 157 இதழ்கள் அதனை ஏற்றன. பீலின் பட்டியலில் இருந்த பதிப்பாளர்களுள், முடிவு அறிவித்தோரில் 82 விழுக்காட்டினர் ஏற்றனர். இவ்வெண்ணைப் பட்டியலின் வெற்றியாகக் காட்டுவது வழக்கம். மறுபுறம் நோக்கினால், ஏறத்தாழ ஐவருள் ஒருவர் அப்பிழைக் கட்டுரையை மறுத்துள்ளார். அவரும் அதே பட்டியலில்தான் இருந்தார். இக்குறையினும் பெரியது, பட்டியல் நோக்காமல் விட்ட பகுதி. 2000 முதல் 2005 வரை எல்சவியர் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளை, மருந்து நிறுவனங்களின் பணத்தில், அதனை வெளிப்படுத்தாமல், ஆய்விதழ்த் தோற்றத்தில் ஆறு வெளியீடுகளைக் கொண்டுவந்தமை 2009இல் வெளியாயிற்று. திறந்த அணுக்க இதழ்களை மட்டும் நோக்கிய பீலின் அளவுகோலுக்குள் இத்தகைய மோசடி வருவதற்கே வழியில்லை.

அளவுகோல்களுள் ஒன்று தமிழாய்வாளர் தனித்து நோக்கத்தக்கது. இணையதளத்தில் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை மிகுந்திருத்தலை அவர் தாழ்ந்த தரத்தின் அடையாளங்களுள் வைத்தார். இங்கே பிழை என்பது ஆங்கிலப் பிழை. இதனை மறுத்தவர்களும் நூலகர்களே. மோனிகா பெர்கர், ஜில் சிரசெல்லா ஆகிய இருவரும் 2015இல், குறையுள்ள ஆங்கிலமோ மேற்கத்தியர் அல்லாதார் மிகுந்த ஆசிரியர் குழுவோ ஓர் இதழை மோசடி இதழ் ஆக்கிவிடாது என எடுத்துக்காட்டினர். பீல் இட்ட பட்டியலைவிட, இவ்விருவர் செய்த விளக்கமே அப்பணியின் இயல்புக்கு நெருக்கமானது எனலாம்.

தமிழில் இத்தகைய இதழ்களைப் ‘போலி இதழ்’ என்றே சுட்டுகின்றனர். சொல் எளிது, ஆனால் இருவேறு தீமைகளை ஒன்றாக்கிவிடுகிறது. உண்மையான இதழொன்றின் பெயரையும் எண்ணையும் களவாடி நடத்தப்படுவது போலி. தன் பெயரிலேயே, முறையான எண்ணுடன், மதிப்பீடு மட்டும் இன்றி நடத்தப்படுவது வேறு. அதனை ‘வேட்டை இதழ்’ எனலாம். முன்னதை எண்ணைச் சரிபார்த்தே கண்டறியலாம். பின்னதைக் கண்டறிய அவ்விதழின் கட்டுரைகளைப் படிக்க வேண்டும். பன்னாட்டுத் தொடர்இதழ் எண்ணைத் தரச்சான்றாகக் கருதும் வழக்கம் இவ்வேறுபாடு உணரப்படாமையின் விளைவே. அவ்வெண் ஓர் இதழை இனங்காட்டும் குறியீடு மட்டுமே. அதன் தரத்தைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை.

இந்தியா இச்சிக்கலை எதிர்கொண்ட முறை பட்டியல் முறையே. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 ஒழுங்குமுறை. (2022 ஒழுங்குமுறையில் இக்கட்டாயம் நீக்கப்பட்டது.) 2017இல் ஏற்கப்பட்ட இதழ்களின் பட்டியல் வந்தது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து அதில் சேர்ந்த இதழ்களுள் 1,009ஐ ஆராய்ந்த பூஷண் பட்வர்தன் குழுவினர், 88 விழுக்காடு தரம் குறைந்தவையாக இருக்கலாம் என 2018இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினர். அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. பின்னர்க் கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இதழ்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டு, வழிகாட்டும் அளவுகோல்கள் மட்டும் தரப்பட்டுள்ளன.

பட்டியல் நீங்கியது வரவேற்கத்தக்கதே. ஆனால் அளவுகோல் தானே அளப்பதில்லை. ஒரு தமிழ் ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் பெயர் உள்ளோர் தம் பெயர் அங்கிருப்பதை அறிவாரா, சங்க இலக்கியக் கட்டுரையைச் சங்க இலக்கியம் அறிந்தவர் மதிப்பிட்டாரா என்பவற்றை ஒருவர் கேட்டறிய வேண்டும். அதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவர் இல்லாத நிறுவனம், மிக எளிய வழியாக மீண்டும் ஒரு பட்டியலையே நாடும். பெரும்பாலும் அது ஸ்கோபஸ் ஆக இருக்கும். இதழொன்றைச் சேர்க்க ஆங்கிலத் தலைப்பும் சுருக்கமும், உரோமன் எழுத்தில் துணைநூற்பட்டியலும் வேண்டும் என்பது ஸ்கோபஸின் விதி. தமிழ் நூல்களையே சான்றாகக் கொள்ளும் கட்டுரைக்கு இவ்விதி விதிக்கும் உழைப்பு சிறிதன்று.

இதழ்த் தேர்வுக்கு அப்பாலும் இப்பணியாளர்க்குத் தமிழாய்வில் நிறைந்த வேலை உண்டு. தலைப்பெழுத்தை முன்வைத்து எழுதும் தமிழ்ப் பெயர், குடும்பப் பெயரை எதிர்பார்க்கும் தரவுத்தளத்தில் சிதைகிறது. ஒருவர் கட்டுரைகளே இரண்டு மூன்று பெயர்களின் கீழ்ப் பிரிந்து கிடக்கின்றன. ஆர்கிட் எண்ணைப் பெற்றுத் தருவதால் இதனைப் பெரிதும் தவிர்க்கலாம். ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் தட்டெழுதிய ஆய்வேடு, களஞ்சியத்தில் ஏற்றப்பட்டிருந்தாலும் தேடுபொறிக்குத் தமிழாகப் புலப்படாது. உள்ளே ‘நெய்தல்’ என நூறு முறை எழுதியிருந்தாலும் ‘நெய்தல்’ எனத் தேடுவோர்க்கு அது கிடைக்காது. எழுதியவர் பெயரும் தலைப்பும் ஆங்கிலத்தில் உள்ள அளவிற்கே அந்த ஆய்வேடு வெளியுலகிற்கு உண்டு. வேட்டை இதழ்களைப் பற்றிப் பேசப்படும் அளவிற்கு இவ்விழப்பு பேசப்படுவதில்லை. மாற்றி ஏற்றும் பணி கடினமன்று. அது யாருடைய பணி என்பதே வரையறுக்கப்படவில்லை.

கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களின் பணி மேம்பாட்டிற்காக மானியக் குழு 2018இல் வகுத்த அளவுகோல்களில் நூலகத்திற்கு ஒழுங்காக வருதல், இருப்பைச் சரிபார்த்துக் காணாமற்போன நூல்களைக் கணக்கிடுதல், நூலகம் தொடர்பான கருத்தரங்கு நடத்துதல் முதலியன இடம்பெற்றுள்ளன. ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையை எங்கு வெளியிடலாம் என ஆராய்ந்து கூறுதல் அவற்றுள் தனிப்பணியாக இல்லை. நூலகர் தாமே மானியக் குழு ஏற்ற இதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிடுதல் இருக்கிறது.